பாதிப் படிப்புக்கு ஒரு பாங்கி

முன்னாளில் நம் ஊர்களில் சில வீட்டு வாசல்களில் பெயர்ப் பலகை தொங்கும் என்றும், அதில் வீட்டுக்காரரின் பெயருக்குப் பின்னால் "பி.ஏ. பெயில்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும் என்றும் பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு. சிரித்தவர்கள் ஒரு விஷயத்தை யோசிக்கவில்லை. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. "நான் கலாசாலைக்குப் போனேன், சரித்திரம் படித்தேன், தர்க்கம் படித்தேன், ஒரு பரீட்சையில் தவறிவிட்டேன். ஆனால் படித்ததெல்லாம் என்னிடம் இருக்கிறதே, அதற்கு என்ன விலை கொடுக்கிறீர்கள்?" என்று அவர் உலகத்தைக் கேட்டார். உலகம் சல்லிக் காசு கொடுக்கவில்லை. பாதி கட்டிய வீட்டை விற்கலாம். பாதி விளைந்த பயிரின் பேரில் கடன் வாங்கலாம். பாதி படித்த படிப்பை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. 1857-ஆம் வருஷத்தில் கல்கத்தா, பம்பாய், சென்னை சர்வகலாசாலைகள் தோன்றிய நாள் முதல் நம் தேசத்தில் இதுவே நியதியாக இருந்து வந்தது.

இந்த நியதியைத்தான் 2021-ஆம் வருஷத்தில் ஒரு சட்டவிதி அசைத்துப் பார்த்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு அவ்வருஷம் ஜூலை மாதத்தில் "அகாடமிக் பாங்க் ஆப் கிரெடிட்ஸ்" என்ற ஏற்பாட்டுக்கு விதிகள் வெளியிட்டது. பாங்கி என்றால் பணப் பெட்டியும் இரும்புக் கம்பியும் நினைவுக்கு வரலாம். இந்தப் பாங்கியில் பணம் கிடையாது, படிப்புத்தான் இருப்பு. ஒரு கலாசாலையில் ஒரு வருஷம் எம்.ஏ. படித்துவிட்டு நிற்பவர், அந்த ஒரு வருஷத்துப் படிப்பைக் கணக்கில் வைத்துக்கொண்டு, பின்னொரு நாள் இன்னொரு கலாசாலையில் மிச்சத்தைப் படித்துப் பட்டம் பெறலாம் என்பதே இதன் சாரம். ஒரே துறையில்தான் படித்தாக வேண்டும் என்ற வேலியும் தளர்ந்து வருகிறது. கணிதம் படித்தவர் பொருளாதாரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். பொருளாதாரம் படித்தவர் சுற்றுச்சூழல் சாஸ்திரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். பல துறைகள் கலந்த இத்தகைய முதுகலைப் பட்டங்களைப் பற்றி வீடுகளில் இப்பொழுது அடிக்கடி பேச்சு நடக்கிறது. பேச்சில் ஆசை அதிகமாயும் விவரம் குறைவாயும் இருப்பதால் இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்தது.

கிரெடிட் என்ற சொல்லுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. நம் மளிகைக் கடைக்காரர் நோட்டில் பற்று எழுதுவார், வரவும் எழுதுவார். வரவுப் பக்கத்தில் ஏறுவதே கிரெடிட். 2023 ஏப்ரலில் வெளியான தேசியக் கிரெடிட் சட்டகத்தின்படி, மாணவர் படிப்பில் செலவிடும் 30 மணி நேரம் ஒரு கிரெடிட். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டுமல்ல, வீட்டில் படிப்பது, எழுதுவது, பரிசோதனைச் சாலையில் நிற்பது எல்லாம் இதில் அடக்கம். வருஷத்துக்கு 1200 மணி, அதாவது 40 கிரெடிட். இரண்டு வருஷத்து முதுகலைப் பட்டம் என்றால் 80. முப்பது மணிக் கணக்கு புதிதாகக் கண்டுபிடித்ததுமல்ல. 1985-இல் ஏற்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகவே தன் பாடங்களை இந்த அளவுகோலால்தான் அளந்து வருகிறது.

பாங்கியின் நடைமுறையில் நான்கு சங்கதிகளைக் குடும்பத்தார் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். முதலாவது, இந்தக் கணக்கில் மாணவர் தாமே ஒன்றும் செலுத்த முடியாது. மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு போய், "இதை வரவு வைத்துக்கொள்ளுங்கள்" என்றால் வாங்க மாட்டார்கள். படித்த கலாசாலைதான் செலுத்த வேண்டும். மாணவருக்கு உள்ளதெல்லாம் 12 இலக்கமுள்ள ஓர் எண். "அபார்" என்று அதற்குப் பெயர். டிஜிலாக்கர் வழியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, 2021-22 கல்வியாண்டு முதல் ஈட்டியவையே இந்தக் கணக்கில் செல்லும். மூன்றாவது, ஈட்டியது என்றென்றைக்கும் இருக்காது; உச்சவரம்பு ஏழு வருஷம். நான்காவது மிக முக்கியமானது. எத்தனை கிரெடிட் வெளியிலிருந்து கொண்டு வந்தாலும், பட்டம் கொடுக்கும் இடத்திலேயே பாதியாவது படித்திருக்க வேண்டும். எண்பதில் நாற்பதுக்கு மேல் கொண்டு போய்ப் பிரயோஜனமில்லை.

நாற்பது வரையில் கொண்டு போனால் அந்த நாற்பதையும் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டால், அங்கேதான் முடிச்சு இருக்கிறது. பாங்கி, இருப்பைப் பத்திரமாக வைத்துக் கொடுக்குமே தவிர, அது செல்லுபடியாகும் என்று பொறுப்பேற்பதில்லை. எந்தப் பாடத்தை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதை, மாணவர் புதிதாகப் போய்ச் சேரும் சர்வகலாசாலையே தீர்மானிக்கிறது. பிரயாணம் போகிறவன் நம் ஊர் நோட்டை அயல் தேசத்தில் நீட்டினால் என்ன நடக்கும்? நோட்டு கள்ள நோட்டல்ல. ஆனாலும் அங்குள்ள கடைக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்து, தமக்குச் சரியென்று பட்ட விலைக்குத்தான் எடுத்துக்கொள்வார்.

இது நம் நாட்டு விசித்திரம் என்று எண்ண வேண்டாம். ஐரோப்பாவில் 1989 முதலே நாடு விட்டு நாடு கிரெடிட் மாற்றும் ஏற்பாடு உண்டு. அங்கே வருஷத்துக்கு 60 கிரெடிட் என்று கணக்கு. அங்கேயும், மாணவர் போய்ச் சேரும் சர்வகலாசாலையே எதை ஏற்பதென்று சொல்கிறது. அமெரிக்காவில் முதுகலைக்கு வெளியிலிருந்து வரும் கிரெடிட்டுகளைப் பொதுவாக மிகச் சிலவே ஏற்கிறார்கள். அதற்கும் நல்ல தரம் வாங்கியிருக்க வேண்டும், படித்து அதிக வருஷம் ஆகியிருக்கக் கூடாது என்று நிபந்தனைகள் உண்டு. பிள்ளையை அங்கே அனுப்பும் பெற்றோர், "இங்கே ஒரு வருஷம் எம்.எஸ்.ஸி. படித்திருக்கிறானே, அங்கே ஒரு வருஷம் குறையும்" என்று செலவுக்கணக்குப் போட்டுவிட்டுப் பின்னால் திகைப்பதுண்டு.

வாங்குகிறவர் பரிசோதித்து வாங்குவது தவறுமல்ல. நம் தமிழ் மரபிலேயே இதற்கு நல்ல திருஷ்டாந்தம் இருக்கிறது. உ. வே. சாமிநாதையர் இளமையில் ஓர் ஆசிரியரிடம் மட்டும் பாடம் கேட்கவில்லை. அரியலூரில் சடகோபையங்கார், பிறகு கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஊர் ஊராகச் சென்று பாடம் கேட்டவர். அவருடைய தகப்பனார் தம் குடும்பத்தையே பிள்ளையின் படிப்புக்காக இடம் விட்டு இடம் பெயர்த்தார். 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்ந்தபோது கையில் சான்றிதழ் ஏது, முத்திரை ஏது? என்ன என்ன பாடம் கேட்டிருக்கிறாய் என்று மகாவித்துவான் வினவினார்; பாடல் சொல்லச் செய்து பார்த்தார்; பிறகே மேற்பாடம் தொடங்கினார். முன் ஆசிரியர்களிடம் கேட்டதெல்லாம் வீண், அரிச்சுவடியிலிருந்து ஆரம்பி என்று சொல்லவில்லை. இன்றைய சர்வகலாசாலைகள் ஒரு கமிட்டி கூட்டி மாதக்கணக்கில் செய்கிற காரியம் மாயூரத்துத் திண்ணையில் ஒரு நாளில் முடிந்திருக்கிறது. அப்படி ஊர் ஊராகச் சேர்த்த படிப்புக்குச் சென்னைச் சர்வகலாசாலை 1932-இல் டாக்டர் பட்டம் அளித்துக் கௌரவித்தது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு திருஷ்டாந்தம் உண்டு. கணித மேதை ராமானுஜன் கும்பகோணம் கலாசாலையில் 1904-இல் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்து, கணிதம் தவிர மற்றவற்றைக் கவனியாமல் அதை இழந்தார். பிறகு பச்சையப்பன் கலாசாலையிலிருந்து எழுதிய எப்.ஏ. பரீட்சையிலும் தேறவில்லை. கணிதத்தில் அவர் ஈட்டியிருந்ததை வரவு வைத்துக்கொள்ள அன்றைய முறையில் ஒரு பத்தியும் இல்லை. 1913-இல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுக்க முன்வந்தது விதியை மீறிய பெருந்தன்மை. கேம்பிரிட்ஜ் 1916-இல் அவருக்கு ஆராய்ச்சியின் பேரிலேயே பி.ஏ. பட்டம் கொடுத்தது. (பல துறை படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம்தான் அவரை வீழ்த்தியது என்பதையும், பல துறைக் கல்வியே சர்வரோக நிவாரணி என்று பேசுகிறவர்கள் கவனிப்பது நல்லது.)

இனி புதுவாயலுக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே நாற்பது கிலோமீட்டர் அளவில், கல்கத்தாவுக்குச் செல்லும் பெருஞ்சாலையில், பெரியபாளையத்துச் சாலை வந்து கூடும் இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பக்கத்து ரயில் நிலையம் கவரைப்பேட்டை. ஊரிலேயே எஞ்சினீயரிங் கலாசாலை உண்டு. பொன்னேரியில் சர்க்கார் கலைக் கலாசாலை உண்டு. வடக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை. பட்டதாரிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. வேறு ஊரில் படித்து, வேலையின் பொருட்டோ கல்யாணத்தின் பொருட்டோ இங்கே வந்து குடியேறியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். எம்.காம். மூன்றாம் பருவத்தோடு நின்றவர், எம்.எஸ்.ஸி. முதல் வருஷத்தோடு நின்றவர் என்று விசாரித்தால் வீட்டுக்கு வீடு கதை கிடைக்கும். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதைச் சொல்ல வேண்டியதே இல்லை. படிப்பு இடையில் அறுபடுவது பெரும்பாலும் பெண்ணின் பக்கத்தில்தான் நடக்கிறது.

அப்படி ஒரு பெண் பள்ளிக்கூடத்தில் என்னிடம் கணக்குப் படித்தவள். சென்னையில் ஒரு கலாசாலையில் 2021-22-இல் எம்.எஸ்.ஸி. கணிதம் முதல் வருஷம் முடித்தாள். அந்தக் கோடையில் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் உத்தியோகம். அடுத்த வருஷம் குழந்தை. படிப்பு நின்றது. குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகு மறுபடி படிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. ஆனால் பழைய கணிதத்துக்கே திரும்பிப் போக மனமில்லை. அவள் சொன்ன காரணம் எனக்கு வியப்பாக இருந்தது.

"ஸார், நம்ம ஆரணியாறு பழவேற்காடு ஏரியைப் போய்ச் சேருவதற்குள் அந்தத் தண்ணீருக்கு என்னவெல்லாம் ஆகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு வெறும் கணிதம் போதாது. கொஞ்சம் ரசாயனம் வேண்டும், கொஞ்சம் பொருளாதாரம் வேண்டும், சட்டமும் கொஞ்சம் தெரிய வேண்டும்" என்றாள்.

பல துறைப் பட்டத்துக்கு இதைவிட நியாயமான காரணத்தை நான் கேட்டதில்லை. ஒரு கேள்வி முதலில் இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தேட எந்தெந்தப் பாடம் வேண்டுமோ அவை பின்னால் வருகின்றன. இந்த வரிசை மாறினால் காரியம் கெட்டுப் போகும். அவியலில் எந்தக் காயையும் போடலாம் என்று நினைக்கிறவன் அடுப்பங்கரைப் பக்கம் போனதில்லை என்று அர்த்தம். சுலபமான பாடமாகப் பார்த்து அங்கே இரண்டு, இங்கே மூன்று பொறுக்கி எண்பது சேர்த்தால் பட்டம் வரலாம், "நீ என்ன படித்தாய்?" என்று ஒருவர் கேட்டால் ஒரு வாக்கியத்தில் பதில் வராது.

அவளுக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் தடை பழைய கலாசாலையில். அவளுக்கு எண் இருந்தது. கணக்கைத் திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை. "பாங்கியிலே கணக்கு இருக்கு, ஸார், பணம் ஏறலை" என்றாள். கலாசாலை அந்த வருஷத்து மதிப்பெண்களை ஏற்றவே இல்லை. மூன்று தடவை ரயிலேறிப் போய், பதிவேட்டுப் பிரிவுக் குமாஸ்தாவின் மேஜை முன் நின்று, மூன்றாவது தடவையில் 44 கிரெடிட் ஏறியது. இரண்டாவது தடை, அவள் சேர விரும்பிய சர்வகலாசாலையில். அங்கே பாடத்திட்டக் குழு அவளுடைய ஒவ்வொரு பாடத்தையும் எடுத்து, தங்கள் சுற்றுச்சூழல் முதுகலைப் படிப்பின் பாடங்களோடு ஒப்பிட்டது. புள்ளியியல் ஏற்கப்பட்டது. வகையீட்டுச் சமன்பாடுகள் ஏற்கப்பட்டன. கம்ப்யூட்டர் நிரல் எழுதும் பாடம் ஏற்கப்பட்டது. மற்றவை தள்ளுபடி. ஆக 44-இல் 18 தேறியது. மிச்சம் 62 கிரெடிட்டை அவள் புதிதாகப் படித்தாக வேண்டும். நான்கு பருவம் மூன்றாகக் குறைந்தது, அவ்வளவே.

வீட்டில் எல்லோருக்கும் வருத்தம். "ஒரு வருஷம் ராப்பகலாகப் படித்தவளுக்கு ஆறு மாதம்தானா கொடுப்பார்கள்?" என்று மாமியார் கேட்டாராம். கேள்வி நியாயமானது, குழுவின் தீர்ப்பும் நியாயமானதுதான். இடவியலும் அருவ இயற்கணிதமும் உயர்ந்த சாஸ்திரங்கள். கணித ஆசிரியனான எனக்கு அவற்றைத் தள்ளினார்கள் என்றால் நெஞ்சில் சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் ஆற்றில் கலக்கும் கழிவை அளப்பதற்கு அவை எப்படி உதவும் என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தால் நானே பதில் சொல்லத் திணறியிருப்பேன். தள்ளிய 26 கிரெடிட் காணாமல் போய்விடவில்லை. 2029 வரை கணக்கில் இருக்கும். அதற்குள் கணிதத்துக்கே திரும்ப எண்ணினால் அங்கே அவற்றுக்கு முழு விலை கிடைக்கலாம்.

ஷிப்டு வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு வேறொரு வழி உண்டு. 2017-இல் தொடங்கிய "ஸ்வயம்" என்ற சர்க்கார் தளத்தில் வீட்டிலிருந்தபடியே பாடம் கேட்கலாம். அதில் எஞ்சினீயரிங் முதலிய பாடங்களை என்.பி.டி.இ.எல். என்ற அமைப்பு நடத்துகிறது. 2003-இல் ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனமும் சேர்ந்து தொடங்கியது இது. நம் சென்னை ஐ.ஐ.டி.க்கு இதில் முக்கியப் பங்கு. நான்கு வாரப் பாடத்துக்கு ஒரு கிரெடிட், எட்டு வாரத்துக்கு இரண்டு, பன்னிரண்டு வாரத்துக்கு மூன்று என்று கணக்கு. கேட்பதற்குக் கட்டணமில்லை, பரீட்சை எழுதத்தான் கட்டணம். பரீட்சையை நேரில் மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். இரவு ஷிப்டு முடிந்து வந்து, காலை எட்டு மணிக்குக் காதில் கருவியைச் செருகிக்கொண்டு பொருளாதாரப் பாடம் கேட்கும் எஞ்சினீயர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இங்கேயும் அதே முடிச்சுத்தான். 2021 விதிகளின்படி ஒரு பருவத்தில் நடத்தும் பாடங்களில் 40 சதவிகிதம் வரை ஸ்வயம் வழியே படிக்கலாம். 2016 விதியில் இது 20 சதவிகிதமாக இருந்தது. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்று தாய்க் கலாசாலை முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். முதலில் படித்துவிட்டுப் பிறகு அனுமதி கேட்கிறவர், கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்க்கிறவரைப் போன்றவர். சான்றிதழ் அழகாயிருக்கும், சுவரில் மாட்டலாம்.

பல துறை முதுகலைப் படிப்பு வேண்டுமென்றால் அதற்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தில், டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்தியடிகளின் நிர்மாணத் திட்ட வழியில் தொடங்கிய ஸ்தாபனத்திலிருந்து 1956-இல் கிராமியக் கலாசாலை ஒன்று வளர்ந்தது. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. விவசாயம், சுகாதாரம், கூட்டுறவு, பொருளாதாரம் ஆகியவற்றைத் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டாமல், கிராமம் என்ற ஒரே பொருளைச் சுற்றி வைத்துப் படிப்பது அங்கே ஆதி முதலே உள்ள வழக்கம். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் காந்தியும் சமாதானமும் என்ற பொருளில் எம்.ஏ. இருக்கிறது, எந்தப் பட்டதாரியும் சேரலாம். மானியக் குழு 2024 ஜூனில் வெளியிட்ட முதுகலைச் சட்டகமோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. நான்கு வருஷ ஹானர்ஸ் முடித்தவருக்கு எம்.ஏ. ஒரு வருஷம் போதும். மூன்று வருஷப் பட்டதாரிக்கு இரண்டு வருஷம். அவர் முதல் வருஷத்தோடு நின்றால் முதுகலை டிப்ளமா. நுழைவுப் பரீட்சையில் தேறினால் இளங்கலையில் படியாத துறையிலும் முதுகலை சேரலாம்.

கேட்கக் கேட்க நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் உத்தியோகத்தில் ஊறிய ஒருவன் வாசகர்களிடம் மறைக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. பட்டம் கொடுப்பவர் ஒருவர். வேலை கொடுப்பவர் இன்னொருவர். தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் வேலைக்கு, இளங்கலையிலும் முதுகலையிலும் ஒரே பாடத்தையோ அதற்கு இணையான பாடத்தையோ படித்திருக்க வேண்டும் என்பது நெடுநாளைய விதி. இளங்கலையில் ஒன்று, முதுகலையில் வேறொன்று படித்தவர்களை "கிராஸ் மேஜர்" என்பார்கள். ஆசிரியர் அறைகளில் அந்தச் சொல்லைக் கேட்டாலே சிலர் முகம் வாடும். "சுற்றுச்சூழலும் சமூகமும்" என்று ஒருவர் எம்.ஏ. வாங்கினால் அது பொருளாதாரத்துக்கு இணையா, புவியியலுக்கு இணையா என்ற கேள்வி வேலைக்கு மனுப் போடும் நாளில்தான் எழும். இணை என்று சர்க்கார் உத்தரவு இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழு இத்தகைய வழக்குகளை ஆராய்ந்து சிபாரிசு செய்கிறது. அதற்கு ஆகும் காலத்தில் விண்ணப்பத்தின் கடைசித் தேதி கடந்துவிடக் கூடும். பத்தாவது, பன்னிரண்டாவது, இளங்கலை என்ற வரிசை பிசகியிருந்தாலும் சர்க்கார் வேலைக்கு இடைஞ்சல்தான். ஆகையால், வாத்தியார் வேலையில் நாட்டமுள்ள பெண்ணோ பிள்ளையோ பல துறைப் பட்டத்தில் சேருமுன் பத்துத் தடவை யோசிக்க வேண்டும். தனியார் கம்பெனி, பத்திரிகை, ஆராய்ச்சி, தொண்டு ஸ்தாபனம் என்று போகிறவருக்கு இந்தக் கட்டு இல்லை. என் மாணவிக்கு நான் முதலில் கேட்ட கேள்வியும் இதுதான். பள்ளிக்கூட வேலைக்கு வரும் எண்ணம் தனக்கு இல்லை என்று உறுதியாய்ச் சொன்ன பிறகே, சேரம்மா என்றேன்.

இந்த ஏற்பாடு முழுவதையுமே சந்தேகக் கண்ணோடு பார்க்கிறவர்கள் தமிழகத்தில் நிறைய இருக்கிறார்கள். எப்பொழுது வேண்டுமானாலும் வெளியேறு, சான்றிதழ் தருகிறோம் என்றால், ஏழைப் பிள்ளைகள் பாதியில் நிற்பதற்கு அதுவே சட்டத்தின் முத்திரையாகிவிடும் என்பது அவர்கள் வாதம். 1976-ஆம் வருஷத்து 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கல்வியை மாகாணத்தின் கையிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலில் வைத்ததிலிருந்து, டில்லியில் எழுதும் விதி நமக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற தகராறு ஓயவில்லை. இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வெளியேறும் வாசல் அகலமாகவும் திரும்பி நுழையும் வாசல் ஒடுக்கமாகவும் இருந்தால் நஷ்டம் ஏழைக்குத்தான். ஆயினும், பாங்கி இல்லாத காலத்திலும் பெண்கள் பாதியில் நின்றார்கள். அப்பொழுது அவர்களுக்கு மிஞ்சியது வெறுங்கை. இப்பொழுது 18 கிரெடிட்டாவது மிஞ்சுகிறது. என் அபிப்பிராயத்தில், வாசலை மூடுவதைவிட, திரும்பி வருகிறவரை உட்கார வைத்து விசாரித்து, இன்ன பாடம் ஏற்போம், இன்னது ஏற்க மாட்டோம் என்று முப்பது நாளில் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு சர்வகலாசாலையையும் கட்டாயப்படுத்தும் விதி வந்தால் பாதி குறை தீரும்.

அங்கீகாரம் என்ற சொல் நம் தேசத்துக்குப் புதிதல்ல. 1920-இல் காந்தியடிகள் ஒத்துழையாமைக்கு அழைத்தபோது, சர்க்கார் கலாசாலைகளை விட்டு வெளியேறிய மாணவர்களுக்காகத் தேசீய வித்தியாபீடங்கள் எழுந்தன. குஜராத் வித்தியாபீடம், ஜாமியா மில்லியா, அடுத்த வருஷம் காசி வித்தியாபீடம். அவை கொடுத்த பட்டங்களை ஆங்கில சர்க்கார் மதிக்கவில்லை. அந்தப் பட்டத்தை நீட்டினால் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலையும் கிடைக்காது. காசி வித்தியாபீடத்தில் 1925-இல் ஒருவர் "சாஸ்திரி" என்ற பட்டம் பெற்று, அதைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 1964-இல் அவர் இந்தத் தேசத்தின் பிரதம மந்திரியானார். லால் பகதூரின் உதாரணத்தைச் சொல்லி, அங்கீகாரம் முக்கியமல்ல என்று யாரும் துணிந்துவிட வேண்டாம். அன்றைய பிள்ளைகள் நஷ்டத்தைத் தெரிந்தே ஏற்றார்கள். இன்று கட்டணம் கட்டிப் படிக்கிற குடும்பம் தெரியாமல் நஷ்டப்படக் கூடாது.

ஆகவே, சேருவதற்கு முன் அந்தச் சர்வகலாசாலைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். டெலிபோனில் யாரோ ஒருவர் "எல்லாம் எடுத்துக்கொள்வோம்" என்று சொன்னதை நம்பிக் கட்டணம் கட்ட வேண்டாம். எந்தப் பாடம், எத்தனை கிரெடிட், எந்தத் தரம் என்று குறித்து, எவற்றை ஏற்பீர்கள் என்று கேட்டு, கையொப்பமிட்ட பதில் வாங்குங்கள். வேலையை உத்தேசித்துப் படிக்கிறவர்கள், வேலை அறிவிப்பில் கண்ட தகுதி வாசகத்தையும் பட்டத்தின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அச்சில் ஒரு சொல் வித்தியாசமிருந்தாலும் விசாரிக்காமல் விடக் கூடாது. 2021-க்கு முன் படித்தவர்களுக்குப் பாங்கியில் இடமில்லையென்றாலும், சில சர்வகலாசாலைகள் தங்கள் சொந்த விதியின்படி பழைய படிப்பையும் பரிசீலிப்பதுண்டு; கேட்பதில் நஷ்டமில்லை.

பழைய கலாசாலையிலிருந்து மதிப்பெண் பட்டியலோடு நீங்கள் படித்த வருஷத்துப் பாடத்திட்டத்தின் பிரதியையும் வாங்கி வையுங்கள். பாடத்தின் பெயரைப் பார்த்து எந்தக் குழுவும் தீர்மானிப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை மணி நேரம் என்றுதான் பார்க்கிறார்கள். பாடத்திட்டம் வருஷத்துக்கு வருஷம் மாறும்; பத்து வருஷம் கழித்துப் போய்க் கேட்டால் அலமாரியில் இருக்கும் என்று நிச்சயமில்லை. வாங்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் கலாசாலை முத்திரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று புரட்டிப் பாருங்கள். இரண்டு பக்கத்தில் முத்திரை விடுபட்டுப் போனதற்காகக் கைக்குழந்தையோடு அந்தப் பெண் கவரைப்பேட்டையில் நாலாவது தடவையும் ரயிலேற வேண்டியிருந்தது.